கடுகு பூட்டிய மெயின் பேரிங்

வீட்டில் வைத்த பெயர் என்னவோ இருக்கட்டும், பட்டறையில் அவள் கடுகு. ஆளும் பொடிசு, பொரிந்தால் பக்கத்தில் நிற்கவும் முடியாது. பந்தயக் கார் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவது அவள் வேலை. பட்டறை அண்ணனுடையது. கூடப்பிறந்த அண்ணன் என்பதால் சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

போன பந்தயத்தில் அவள் கட்டிய எஞ்சின் கடகடவென்று தட்டிப் பாதியில் நின்றுபோனது. பிரித்தால் மெயின் பேரிங் அத்தனையும் உரிந்து கிடந்தது. கிராங்க் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் அரைவட்டத் தகடுகள் அவை. "சாஃப்ட் பேரிங்கைப் போட்டுட்டா, அதான்" என்று பழி முழுக்க அவள் தலையில். உண்மையில், அதற்கு முன்னால் உடைந்த எஞ்சினின் இரும்புத்தூள், எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்குள் ஒளிந்திருந்து வந்து அறுத்தது. "கூலரைக் கழுவினாப் போதும், புதுசு எதுக்கு?" என்று சொன்ன மகராசன் யார்? அண்ணன்தான். அதை யாராவது பேசினார்களா? மூச்!

இப்போது அதே வண்டிக்கு மறுபடி எஞ்சின் கட்டவேண்டும். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவையும் நீ கவுத்துட்டேன்னு வை, முன்னாடி கவுண்டர்ல உட்கார்ந்து போன் எடு. எஞ்சின் பக்கமே வரக்கூடாது."

கவுண்டரா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான், பொய் சொல்வானேன். எஞ்சின் கட்டும் அந்த இரும்பு மேஜையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வேறு யாராவது என்றால் கெட்டியான அலுமினியப் பேரிங்கை இறுக்கமாகப் பூட்டி நல்ல பெயர் வாங்கியிருப்பார்கள். கடுகு அதே சாஃப்ட் பேரிங்கைத்தான் எடுத்தாள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்கிற இடைவெளியையும் மயிரிழை கூட்டியே வைத்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றான் அண்ணன்.

"அந்த வேகத்துல கிராங்க் நெளியும்ணா. சாஃப்ட்னா விட்டுக்கொடுக்கும். கெட்டியானது கிராங்கையே தின்னுடும். போன தடவை பேரிங் போச்சு, சரி. கிராங்க்ல ஒரு கீறல் இருந்துச்சா? அதே கிராங்கைத்தானே இப்பவும் மாட்டப்போறோம்?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே, பல்லுதானே தெரியும். கூலர் மட்டும் புதுசு வாங்கிட்டு வா. இல்லேன்னா நீயே கட்டிக்கோ."

ஒற்றைக்காலில் நின்றாள். முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கிவந்தான்.

பந்தயத்தன்று எஞ்சின் சூடேறி, சும்மா ஓடிக்கொண்டிருந்தபோது, ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அண்ணன் பாய்ந்து வந்தான்.

"நிறுத்து, நிறுத்து! பிரஷர் இல்ல!"

ஓட்டுநரின் கை சாவிக்குப் போனது. கடுகு அந்தக் கையைப் பிடித்தேவிட்டாள்.

"கையை எடுங்க சார். இடைவெளி கூட இருக்கு, சும்மா நிக்கிறப்ப அப்படித்தான் காட்டும். ஏத்திப் பாருங்க."

ஏற்றினார். முள்ளும் கூடவே ஏறியது.

"ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"ஆச்சுன்னா கவுண்டர். தெரியும். வழியை விடு."

சொன்னாளே தவிர, கடைசிச் சுற்று வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. வண்டி நாலாவதாக வந்தது. எஞ்சின் ஒரு இடத்திலும் பிசிறவில்லை.

மறுநாள் அண்ணனே முறைப்பாக எஞ்சின் அடிப்பக்கத்தைக் கழற்றினான்.

"பேரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கே!"

"தேயத்தானே போட்டேன். கிராங்கைப் பாரு."

நகத்தால் தடவிப் பார்த்தான். எங்கேயும் கீறல் தட்டவில்லை.

"இருந்தும் நாலாவதுதானே?"

"நாலாவதா வந்தது ஓட்டுனவர் பாடு. எஞ்சின் முழுசா வந்தது என் பாடு. கூலரைப் பத்தி ஏதாவது சொல்றதுக்கு இருக்கா உனக்கு?"

அண்ணன் கழற்றிய பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் கவுண்டரில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் புது பேரிங் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போய் எடுண்ணா. எனக்கு வேலை இருக்கு."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.