தூங்குவதுபோல் நடித்த மதியம்

எனக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள். காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். அவளைப் பார்த்தால் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மதியம் அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தார். குழந்தை அழுதது. நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தேன். அடுத்த கட்டிலில் பட்டினச்சேரிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு முந்தின நாள்தான் பிரசவமாகியிருந்தது. மெல்ல எழுந்து வந்து என் மகளைத் தூக்கி ஆட்டினாள். அழுகை நிற்கவில்லை.

வெட்கம் தாங்காமல் கண்ணைத் திறந்தேன்.

"குடுங்க, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

அழுகை சட்டென்று நின்றது. குழந்தை என் பக்கம் தலையைத் திருப்பியது.

"பாத்தீங்களா? பத்து மாசமா உள்ளேர்ந்து கேட்ட கொரலுல்ல" என்றாள் அவள்.

"எனக்கு இன்னும் பாசமே வரலைங்க."

முதல்முறையாக ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறவில்லை.

"வரும்ங்க. மூத்தவன்கிட்ட எனக்கு ஒரு மாசம் ஆச்சு" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

எனக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது. அதுவரை எங்கள் இருவரில் மற்றவரை அறிந்திருந்தது என் மகள்தான். நான் பால் கொடுத்தபடியே, மெதுவாக அவளைத் தெரிந்துகொண்டேன்.