மிதிவண்டியில் கேட்ட காதிஸ் நகரம்

ஓராண்டுக் காலம், என் மனைவியின் குரல் எந்த விரைவில் ஒலிக்க வேண்டும் என்பது என் கால்களின் பொறுப்பில் இருந்தது.

அவள் ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலுள்ள காதிஸ் நகரத்தில் இறால் இனங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைச் சிற்றூர் ஒன்றில், அவளுடைய வீட்டில், அவளுடைய தாயோடும் தங்கையோடும் வாழ்ந்துகொண்டிருந்தேன். போர்க்காலம். மின்சாரம் எங்கள் பக்கம் நெடுங்காலமாக இல்லை. மின்கலங்களைத் துறை தாண்டிக் கொண்டுவரப் படையினர் விடுவதில்லை. அவள் அனுப்பும் ஒலிநாடாக்களைக் கேட்பதற்கு எங்களுக்கிருந்த வழி ஒன்றுதான். மிதிவண்டியை முற்றத்தில் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தோடு மின்னாக்கியை உரசவிட்டு, அதிலிருந்து கம்பியை ஒலிப்பதிவுக் கருவிக்கு இழுத்து, ஒருவர் ஏறியமர்ந்து மிதிக்க வேண்டும். வானொலி திருத்தும் ஒருவர் இடையில் ஏதோ ஒரு சிறு பொருளைப் பொருத்தித் தந்திருந்தார். சக்கரத்தில் உரசும் கருவியை ஊரார் டைனமோ என்றனர். மின்னாக்கி என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் எவரும் செவிசாய்க்கவில்லை.

மெதுவாக மிதித்தால் அவள் குரல் ஆண்குரலாகத் தடித்து இழுபடும். விரைந்து மிதித்தால் அணிலாகிவிடும். அவளுடைய இயல்பான குரல் வருவதற்கு ஓர் அமைதியான, ஒரே சீரான மிதி வேண்டும். அந்த அமைதி என்னிடம் இருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அயல்நாட்டு அறநிதி ஒன்றின் புலமைப்பரிசிலுக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம். அவள் கடலோர உயிரினங்களைப் பற்றிய துறைக்கு, நான் ஒப்பியல் மொழியாய்வுக்கு. ஒரே பேருந்தில் கொழும்புக்குச் சென்றோம். நேர்முகத் தேர்வு முடிந்து அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். என் முறை வந்தபோது, தேர்வாளர் ஒருவர் ஒரு சொல்லின் மூலத்தைத் தவறாகக் கூறினார். நான் திருத்தினேன். அவர் மறுத்தார். நான் சான்றுகளோடு மீண்டும் திருத்தினேன். நான் கூறியதே சரி என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் காதிசுக்குப் போனவள் அவள்.

எங்கள் பகுதி வழக்கத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மணமானதும் ஆண் தன் துணிமணிகளோடு மனைவியின் வீட்டுக்குப் போகிறான். நான் பிறந்து வளர்ந்த வீடு என் தமக்கைக்குச் சீதனமாகி, அங்கே அவள் கணவர் குடியிருந்தார். ஆகவே மனைவி கடல் கடந்தபோது எனக்கு நிகழ்ந்தது விந்தையானது. வீட்டுக்குரியவள் போய்விட்டாள், அவளால் அந்த வீட்டுக்கு வந்தவன் மட்டும் எஞ்சினான்.

இதை மறக்கவிடாதவர்கள் பலர் இருந்தனர். நாங்கள் 'பாதை' என்று அழைக்கும் மிதவையில்தான் வாவியைக் கடந்து நகருக்குப் போய்வருவோம். அஞ்சலகத்தில் ஒலிநாடாவைப் பெற்றுக்கொண்டு திரும்பும்போதெல்லாம், என்னோடும், போவதற்கு முன் அவளோடும், ஒரே பள்ளியில் படிப்பித்த கணித ஆசிரியர் எப்படியோ அதே பாதையில் ஏறியிருப்பார்.

"என்ன சேர், டீச்சர் கதைச்சு அனுப்பியிரிக்காவா?"

"ஓம்."

"திரும்பி வருவாவா, இல்ல அங்கயே ஒரு வெள்ளக்காரன் வீட்டில அலுமாரி வாங்கிப் போட்டாவா?"

பாதையிலிருந்த மீன்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவ வராட்டி சேர் எங்க போறது? மாமியோடதான் இரிக்கணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரையில் படைவீரன் ஒருவன் ஒலிநாடாவைப் புரட்டிப் பார்த்து, "பாட்டா?" என்று தன் தமிழில் கேட்டான். "மனைவி" என்றேன். அவனும் சிரித்தான்.

ஒலிநாடாவில் அவள் நகரத்தை அள்ளிக் கொட்டுவாள். மூன்று பக்கமும் கடல். வெயிலில் கண்கூசும் வெள்ளைச் சுவர்கள். கிழக்கிலிருந்து ஒரு காற்று எழுமாம். அது வீசும் நாள்களில் எல்லார்க்கும் தலையிடியும் சினமும் வந்துவிடுமாம். கொழும்பில் அரும்பாடுபட்டு ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு போனவளுக்கு முதல் மாதம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்நகரத்தார் சொற்களின் ஈற்றொலிகளை விழுங்கிவிடுகிறார்களாம். மத்தியானச் சாப்பாடு பிற்பகலில், இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. நாங்கள் பொழுது சாய்வதற்குள் உண்டு, விளக்கணைத்து, வெளியே எந்த ஊர்தி போகிறது என்று செவிகொடுத்துக் கிடந்த காலம் அது. பத்து மணிக்குத் தெருவில் நடந்துபோய் மீன்பொரியல் வாங்கித் தின்பதாக அவள் சொன்னபோது என் கால்கள் தாமாகவே விரைந்தன.

"மெதுவா மகன், மெதுவா," என்றார் மாமி, என் மனைவியின் தாய். "அவள் என்னத்தத் தின்னுறாள் எண்டு விளங்கல்ல."

பிறகு அவள் சொன்னாள்: "அம்மா, இஞ்ச மேசைய மேசை எண்டுதான் சொல்றாங்க. சட்டைக்கு, நம்மட கமிசை போல, கமிசா எண்டுறாங்க. நம்மட ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு."

மாமி வெற்றியோடு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மகன்? மேசை புறத்தியான் சொல், எழுதப்படாது எண்டு புள்ளையளுக்கு அடிக்கிறீங்க. அங்க இரிக்கிறவங்களே அதத்தான் சொல்றாங்களாம்."

அச்சொல் போர்த்துக்கீசர் வழியாக வந்தது என்று விளக்கத் தொடங்கினேன். விளக்கிக்கொண்டே மிதிக்க இயலவில்லை. மனைவியின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. "பேசாம ஓட்டுங்க மச்சான்" என்றாள் மனைவியின் தங்கை.

இவையெல்லாம் சிறு முட்கள். ஆழமாகத் தைத்தவை வேறு. அந்த நகரத்து நூலக வாயிலில், கண்ணாடிப் பேழைக்குள் ஓர் ஓலைச்சுவடி இருக்கிறதாம், "நம்மட எழுத்துப் போல" தெரிந்ததாம். உள்ளே போய்க் கேட்க நேரமில்லையாம். இறால்கள் காத்திருந்தனவாம். நான் அன்று சோறு உண்ணவில்லை. எந்தக் கண்கள் அந்தப் பேழைக்கு முன் நிற்க வேண்டுமோ அவை படுவான்கரையில் இருந்தன. அதைக் கடந்து நடப்பதற்கு இறால் ஆய்வாளர் ஒருவர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார்.

இன்னொரு நாடாவில், அந்நகரத்தார் கன்னி மாதாவின் திருவுருவைத் தோளில் சுமந்து வீதியுலா வந்ததைச் சொன்னாள். சுமப்பவர்களின் கால்கள் ஒன்றாக அசைந்தனவாம். "எனக்கு நம்மட கோயில் சாமி தூக்குறதுதான் ஞாபகம் வந்திச்சு. நடுரோட்டில நிண்டு அழுதுட்டன்." மாமியும் அழுதார், தங்கையும் அழுதாள். நான் மட்டும் வேறொன்றை எண்ணினேன். கொழும்பில் என்னைப் பிரிந்து விமானம் ஏறியபோது அவள் அழவில்லை. முன்பின் அறியாத ஒரு நகரம், சில மாதங்களில், என்னால் இயலாததைச் செய்திருந்தது.

அதற்குப் பிறகு வந்தான் பெரு நாட்டு மாணவன். அவளுடைய ஆய்வுகூடத்தில் பயில்பவன். முதலில் பேச்சிடையே வந்துபோனான். அடுத்த நாடாவில் அவனே வந்துவிட்டான், அவளுக்குப் பின்னால் நின்று, அவள் கற்றுக்கொடுத்த "அம்மா, சுகமா?" என்பதைச் சொல்லிவிட்டு, ஓங்கிச் சிரித்தான்.

"நல்ல சிரிப்பு" என்றார் மாமி.

"திருப்பிப் போடுங்க மச்சான், இன்னொருக்காக் கேப்பம்."

திருப்பிப் போட்டு மிதித்தேன்.

"அம்மா, இதக் கேளுங்க," என்றாள் தங்கை. "அக்கா பேசக்குள்ள ஓரளவு ஒழுங்காக் கேக்குது. இந்தப் பொடியன் பேசக்குள்ள மட்டும் ஏன் கீச்சுக் கீச்செண்டு ஓடுது?"

"டைனமோ பழசு" என்றேன். அந்தச் சொல்லை என் வாய் சொன்னது அதுவே முதல் முறை.

என் மனத்தில் தோன்றும் எதையும் அந்த வீட்டில் மறைக்க இயலாத நிலை. நான் வாய் திறவாமல் இருந்தாலும், என் பொறாமை மனைவியின் குரலேறி வந்து முற்றத்தில் எல்லார்க்கும் கேட்டது. அவள் நூலகம் என்றால் கேட்டது, கடற்கரை என்றால் கேட்டது, பேராசிரியர் பாராட்டினார் என்றால் மிக நன்றாகக் கேட்டது.

ஓராண்டு முடியும் தறுவாயில் வந்தது அந்த நாடா. வேளாண்மை வெட்டு முடிந்த காலம். வயல் வட்டையிலிருந்து வைக்கோல் மணம் வந்துகொண்டிருந்தது. மாமி உரலின் மேல் அமர்ந்திருந்தார். நான் மிதிக்கத் தொடங்கினேன். அவள் வழக்கம்போல் நலம் கேட்டாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு என்னை மட்டும் விளித்தாள்.

"இஞ்சருங்க. இஞ்ச எங்கட பேராசிரியர் இன்னும் ரெண்டு வருஷம் நிண்டு கலாநிதிப் படிப்பு முடிக்கச் சொல்றார். அவங்களே எல்லாம் தருவாங்களாம்..."

என் கால்கள் நின்றுவிட்டன. அவள் குரல் ஒரு நீண்ட முனகலாகத் தாழ்ந்து அவிந்தது.

கோழி ஒன்று மிதிவண்டிக்குக் கீழே கிளறிக்கொண்டிருந்தது.

"ஏன் மகன் நிப்பாட்டின? ஓட்டுங்க" என்றார் மாமி, மிக மெதுவாக.

நான் இறங்கிவிட்டேன். தங்கை பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். அவள் மிதித்தபோது என் மனைவியின் குரல் அவளுடைய குரலாகவே வந்தது. ஓராண்டாக நான் கேட்டிராத குரல். அதற்காகவும் அந்தச் சிறுபெண்ணின் கால்கள்மீது எனக்குப் பொறாமை எழுந்தது.

"...நீங்க வரச் சொன்னா வாறன். உண்மையாத்தான் சொல்றன். அங்க சண்டை, நீங்க எல்லாரும் அதுக்குள்ள, நான் இஞ்ச மீன்பொரியல் தின்னுறன். எனக்கு உங்களில பொறாமையாக் கிடக்கு. அம்மாட கையால தின்னுறீங்க. என்ட வீட்டில, என்ட பாயில படுக்கிறீங்க. இஞ்ச நான் ஆரோ ஒரு மனிசிட அறையில வாடகைக்கு இரிக்கன். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்."

என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட முடியும் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. உண்மையைச் சொன்னால், அது இனித்தது. சிறிது நேரத்தில் கசந்தது. அவள் வீட்டையும் தாயையும் நான் எடுத்துக்கொண்டுவிட்டதாக அவள் எண்ணுகிறாள். நானோ அவற்றில் ஒன்றும் எனக்குரியதன்று என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு ஆண்டுகள் வராவிட்டால் இந்த வீட்டில் நான் யார்? பாதையில் மீன்காரி கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று.

மறுமொழியை உடனே அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் புதிய நாடா கிடைக்காது. அவள் அனுப்பியதிலேயே, அவள் குரலின் மேலேயே எங்கள் குரலைப் பதிந்து திருப்பியனுப்புவோம். அதனால் அவள் பேசிய எதுவும் இன்று என்னிடம் இல்லை.

அடுத்த நாள் பிற்பகல் தங்கை மிதிவண்டியில் ஏறினாள். அதற்கு முன் மாமி என்னருகே வந்தார்.

"மகன், நான் தாய். அவள் வந்தா எனக்குச் சந்தோசம். ஆனா இந்தக் காலத்தில அவள் அங்க இரிக்கிறதுதான் நல்லம். எண்டாலும் புருஷன் நீங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஒண்டு மட்டும், புத்தகத் தமிழில சொல்லாதீங்க. அவளுக்கு விளங்கினாலும் அழுகை வராது."

நான் ஓர் உரையைச் செம்மையாக அமைத்து வைத்திருந்தேன். கல்வியின் மேன்மை, கடமையின் அருமை, இல்லறத்தின் பொறை என மூன்று பகுதிகளாக. கருவியின் முன் குனிந்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். "அன்புடையாய்" என்று தொடங்கினேன். அதன் பின் ஒன்றும் வரவில்லை. சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது, நாடா ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய சொற்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன.

"சுறுக்காச் சொல்லுங்க மச்சான், கால் உளையுது!"

"எனக்கு உன்னில பொறாமையாக் கிடக்கு," என்றேன். "நீ போன நாளில இருந்து. நீ படிக்கிறது, தின்னுறது, நடக்கிறது எல்லாத்திலயும். அந்தப் பெரு நாட்டுப் பொடியன்ட சிரிப்பிலயும். வா எண்டு சொல்லத்தான் ஆசை. ஆனா நீ வராத. இரி. இருந்து முடிச்சிட்டு வா."

பதிவை நிறுத்தினேன். தங்கை மிதிப்பதை நிறுத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் சிரிப்புக் கதையும் பதிஞ்சிட்டா?" என்று கேட்டார் மாமி.

"பதிஞ்சிட்டு."

"அழிச்சுப்போட்டுத் திருப்பிச் சொல்லுவமா மச்சான்?"

"வேணாம். கிடக்கட்டும்" என்றேன்.

மாமி எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். வாசலில் நின்று மேலே பார்த்தார். "அப்ப, அவள் வந்த பிறகு பாப்பம் எண்டு விட்ட குசினிக் கூரைய இனி விடேலாது. மாரிக்கு ஒழுகும். நாளைக்கு இலுக்குப்புல் பாருங்க மகன். வேயத் தெரியாட்டி நான் கீழ நிண்டு சொல்லித் தாறன்" என்றார். 'உங்கட வீடு' என்று அவர் சொல்லவில்லை. வேலையை மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் கூரையின் மேலிருந்தேன். வாவிக்கு அப்பால், தொலைவில், ஷெல் விழும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. கீழே நின்று மாமி, "அந்தப் பிடிய இன்னும் இறுக்கிக் கட்டுங்க" என்றார். இறுக்கினேன். காதிசில் அப்போது இன்னும் விடிந்திராது. அவள் ஓசையேதும் இல்லாத ஓர் அறையில் உறங்கிக்கொண்டிருப்பாள் என்று எண்ணினேன். அந்த உறக்கத்தின்மீதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.