தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆறிய கியர் பாக்ஸ்

எங்கள் வீட்டில் யாராவது கியர் பாக்ஸ் என்று வாயெடுத்தால் போதும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர் மாதிரி சித்தி எழுந்து உள்ளே போய்விடுவார். சித்தப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட பிறகும் இருவருக்கும் அந்த வெட்கம் விட்டபாடில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார், சித்தப்பா லாரி ஓட்டினார். சம்பா அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த அரிசி மில்லுக்குப் போவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் தொற்றிக்கொள்வேன். கியர் தண்டுக்குப் பக்கத்து மேட்டில், மடித்துப் போட்ட கோணிதான் என் இடம். பாரம் இழுக்க இழுக்க அந்த மேடு சூடேறும். நான் நெளிய ஆரம்பித்தால் வண்டிக்கு ஓய்வு வேண்டும் என்று அர்த்தம்.

கியர் பாக்ஸைப் பற்றி சித்தப்பா சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு. பாரத்தோடு மேடு ஏறும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டக் கூடாது. உள்ளே ஆயில் சூடானால் தண்ணீராய் இளகிவிடும், பல்லோடு பல் உரசும். அப்போது நிழலில் நிறுத்தித் தானாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் கூடு விரிசல் விட்டுவிடும். இதையெல்லாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு நான் ஒப்பித்துக் காட்டியிருக்கிறேன். அவள் அதற்குப் பிறகு இடம் மாறி உட்கார்ந்தாள்.

அம்மாபேட்டைக்கு முன்னால் செங்குத்தான ஒரு வாய்க்கால் பாலம் வரும். அதில் ஏறுவதற்கு முன் சாலையோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். வண்டி எப்போதும் அங்கேதான் ஆறும். மரத்துக்கு எதிரே ஒரு வீடு, அதன் முன்னறையில் தையல் கடை. வண்டி நின்றதும் அங்கிருந்து ஓர் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவருவார். எனக்கு வெட்டுத் துணிகள் கொடுப்பார். அந்த வருஷம் சித்தப்பாவின் சட்டைகளில் பொத்தானே நிற்கவில்லை. அறுந்த பொத்தானைப் பத்திரமாகப் பையில் வைத்திருந்து, வண்டி ஆறும் நேரத்தில் அக்காவிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வார். பொத்தான் அறுவதும் கியர் பாக்ஸ் சூட்டினால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அப்போது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஜாதகம் வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். அம்மா அலுத்துப்போனார். அப்பா நேரடியாகக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா கூடத்துக்கு வந்தால் சித்தப்பா எழுந்து நின்றுவிடுவார். உரம், மழை, வாய்க்காலில் தண்ணீர் என்று எல்லாம் பேசுவார்கள். மனசில் இருப்பதை மட்டும் பேச மாட்டார்கள். இப்படியே போனால் சித்தப்பா எங்கோ ஒரு பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டுக் காலமெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்.

ஒரு நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, வண்டி ஏன் தாமதமாக வருகிறது என்று விசாரித்தார். என் துறையில் கேள்வி கேட்டால் விடுவேனா? கியர் பாக்ஸ், மரம், தையல் கடை, பொத்தான் எல்லாவற்றையும் விளக்கினேன். திரும்பி வரும்போதும் அங்கே நின்று ஆற விடுவோம் என்றேன்.

"வெறும் வண்டியுமா சூடாவுது?" என்றார் அப்பா.

"வெறும் வண்டிதாம்ப்பா ரொம்ப சூடாவும். ரொம்ப நேரம் நிக்கணும்."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த லோடுக்கு அவரும் வருவதாகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அளவுக்கு மேல் ஒரு மூட்டை ஏற்ற விடாத மனிதர், அன்றைக்குத் தானே ஆளை ஏவி இன்னும் சில மூட்டைகளை அடுக்கச் சொன்னார். கியர் பாக்ஸ் தாங்காதே என்று சித்தப்பா மெதுவாக இழுத்தார். இன்றைக்கு ஒரு நாள் தாங்கட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா ஏறி உட்கார்ந்தார்.

வழியெல்லாம் சித்தப்பா வாயே திறக்கவில்லை. எனக்கடியில் கோணி மேடு கொதித்தது. நான் நெளிந்தேன், அவர் கண்டுகொள்ளவில்லை. மரம் வந்தது. வண்டி நிற்கவில்லை.

"சித்தப்பா, மரம் போயிடுச்சு" என்றேன். அவர் காதில் விழாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தெரிந்த மனிதர் கியர் பாக்ஸுக்கு இப்படித் துரோகம் செய்வாரா?

பாலத்தின் பாதி மேட்டில் கருகல் வாடை வந்தது. கியர் தண்டு அசைய மறுத்தது. வண்டி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே போக வழியில்லாமல் சித்தப்பா பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெல்லப் பின்னால் இறக்கினார். இறங்கிய வண்டி அதே தூங்குமூஞ்சி மரத்தடியில் வந்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் கை தட்டினேன்.

அக்கா சொம்போடு சிரித்துக்கொண்டே வந்தார். "என்னங்க, இன்னிக்கு நிக்காம போறீங்க? அதுக்குள்ள ஆறிடுச்சா?" என்றவர், இந்தப் பக்கம் இறங்கிய அப்பாவைப் பார்த்ததும் சிலையாகிவிட்டார்.

அப்பா சொம்பை வாங்கி நிதானமாகக் குடித்தார். "உங்கப்பா வீட்ல இருக்காராம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சித்தப்பா வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்கிறாராம். நான் குனிந்து, ஆறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்னும் கொதிக்கிறது பாப்பா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்பா திரும்பி வந்து டயருக்குப் பக்கத்தில் நின்றார். அடியிலிருந்து சித்தப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"நல்லா ஆறட்டும் தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல. வைகாசியில வச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்."

கால்கள் அசையவில்லை. சரிண்ணே என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கியர் பாக்ஸை வைகாசியில் மாற்றப்போகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். அதுவரை தாங்குமா என்றுதான் எனக்குக் கவலை.

வண்டி ஆறி, பாலம் ஏறி, மில்லுக்குப் போனோம். சித்தப்பா வழியெல்லாம் விசிலடித்தார், அதுவும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மில்லில் மூட்டைகளை இறக்கும்போது, அப்பா கடைசியாக ஏற்றச் சொன்ன மூட்டைகளுக்கு வந்ததும் சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவற்றில் சிவப்புச் சாயக் குறி இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் குறி விதை நெல்லுக்கு மட்டும்தான். விதை நெல்லை யாராவது மில்லுக்கு அனுப்புவார்களா? சித்தப்பா அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் திரும்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மூட்டைகள் வண்டிக்குப் பாரம் கூட்டியதோடு சரி, போனபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தன. வந்ததும் வராததுமாக நான் அம்மாவிடம் ஓடிப்போய், அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது, இனிமேல் லோடு ஏற்றும்போது நீதான் கூட நிற்க வேண்டும் என்று சொன்னேன்.