பிரித்துப் போட்ட நாலு வரி

அடுத்தவர் பின்னுகிற துணியைச் சொர்ணாம்பாள் பின்பக்கம் திருப்பித்தான் முதலில் பார்ப்பாள். காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிற அதே முகம். கட்டைவிரலால் கண்ணி கண்ணியாக நெருடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கன பாத்தியா, தொங்குது" என்பாள். தொங்காத துணியை அவள் இதுவரை கண்டதில்லை, தன்னுடையதைத் தவிர.

தச்சநல்லூரில் ரெனிஷாவின் பேன்சி ஸ்டோர் மாடியில் சனிக்கிழமைதோறும் மதியத்துக்கு மேல் குரோஷா பின்னல் கூட்டம். புன்னக்காயலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ரெனிஷா, விற்காமல் கிடந்த உல்லன் நூலைத் தள்ளிவிடத்தான் வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்தாள் என்பது சொர்ணாம்பாளின் தீர்ப்பு. "வெயிலு மண்டையப் பொளக்குத ஊருல உல்லன் குல்லா! இதுல யாருட்டி கிறுக்கி, விக்கவளா, வாங்குதவளா?" என்று முதல் நாளே கேட்டாள். கேட்டுவிட்டு, சாயம் போகாதே என்று மூன்று தரம் விசாரித்து, இரண்டு நூல்கண்டு வாங்கிக்கொண்டாள்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மூத்தவள் என்ற பதவி நிற்கவில்லை. தம்பி மகேஸ்வரனையும் தங்கை சித்ரலேகாவையும் மூக்கைத் துடைத்து, தலை வகிடு எடுத்து, கையெழுத்தைத் திருத்தி ஆளாக்கியது தான்தான் என்பாள். அவர்கள் மறுப்பதில்லை, ஒருவன் சென்னைக்கும் ஒருத்தி பெங்களூருக்கும் போய்விட்டார்கள். தம்பி போனில் இரண்டு நிமிடம் பேசுவதற்குள், அவன் வீட்டுச் சாம்பாரில் புளி கூடிவிட்டதை இங்கிருந்தே கண்டுபிடித்துச் சொல்லிவிடக்கூடியவள். கணவர் திருஞானசம்பந்தத்தைத் திருத்தித் திருத்தி, இப்போது மனிதர் செருப்பைக்கூட அளவெடுத்ததுபோல் சேர்த்து விடுகிறார். வீட்டில் இனி செய்ய ஒன்றுமில்லை. ஆகவே கூட்டத்தில் சேர்ந்தாள்.

சேர்ந்த மறுவாரமே அவள் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது. தாமதமாக வந்து வேறு இடம் கிடைக்காத மேலப்பாளையத்து ரைஹானத் அதில் உட்கார்ந்தாள். பிறகு சீக்கிரம் வந்த நாட்களிலும் அங்கேயே உட்கார்ந்தாள். சொர்ணாம்பாள் ஏசினால் அழுகிற கூட்டத்தில், ஏசினால் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"யக்கா, ஒங்க வாயில விழுந்தா உல்லனும் பருத்தியாப் போவும்" என்பாள்.

"நீ பின்னுனா ரெண்டும் சாக்காப் போவும்" என்பாள் சொர்ணாம்பாள்.

ரைஹானத் வராத சனிக்கிழமையில் சொர்ணாம்பாளுக்குக் குறை சொல்லக்கூட வாய் வருவதில்லை. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சொல்லிலும் பிழை கண்டுபிடிப்பாள்.

போன வாரம் ரைஹானத் பாதி முடிந்த ஒரு மஃப்ளரைக் கொண்டுவந்திருந்தாள், அதே பச்சையில் நூல் வாங்குவதற்காக. நாற்காலியில் வைத்துவிட்டு அஸர் தொழப் பக்கத்து அறைக்குப் போனாள். சொர்ணாம்பாள் அதை எடுத்தாள், திருப்பினாள். அடியெல்லாம் சுமார். கடைசி நாலு வரி மட்டும் காற்றில் விழுந்த வேலிபோல் கிடந்தது.

"எல்லாரும் பாருங்க. மொத வரில நடுவுல ஒரு கண்ணியக் காணும். ரெண்டாவதுல தொடக்கத்துலயே ரெண்டக் கூட்டிப் புடிச்சிருக்கா. மூணாவது இறுக்கம், நாலாவது தொளதொள. ஆடு மேஞ்சாக்கூட இதவிட ஒழுங்கா மேயும்."

"யக்கா, அடுத்தவ சாமானு. வச்சிருங்க" என்றாள் ரெனிஷா.

சொர்ணாம்பாள் நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். ரைஹானத் திரும்பி வருவதற்குள் நாலு வரியும் பிரிந்து, மறுபடி பின்னி முடிந்து, பல்வரிசைபோல் நேராக நின்றன.

"பாத்தியா, இதுதான் பின்னலு" என்று நீட்டினாள்.

ரைஹானத் சிரிக்கவில்லை. நேர் வரிகளை விரலால் தடவினாள். "யக்கா, அது எங்க வீட்டுல அவிய போட்டது."

"எவிய?"

"எம் மாப்பிள. வாதம் வந்து வலது கை விழுந்ததுலருந்து ஒரு தம்ளரக்கூடத் தூக்க மாட்டாவ. வைத்தியம் பாக்குத புள்ள, வெரலுக்கு வேலை குடுங்கன்னுச்சு. துணிய நான் புடிச்சிக்கிடுவேன், ஊசிய அவிய புடிப்பாவ. ஒரு மாசமா அந்த நாலு வரி. மிச்சத்தையும் நானே முடிக்கேன், நூலு வாங்கிட்டு வான்னு இன்னைக்குத்தான் வாய் தொறந்து சொன்னாவ."

"அதான் நேராப் போட்டுத் தந்துட்டேனே" என்றாள் சொர்ணாம்பாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட மிச்சமிருந்தது.

"இதக் கொண்டு போயி அவிய முன்னால வச்சா, இனி ஊசியத் தொட மாட்டாவ."

"ஒங்க கை நேரா இருக்குன்னு ஊருல உள்ள கையெல்லாம் ஒடிச்சிருவியளோ?" என்று கேட்டாள் ரெனிஷா. ரைஹானத் மஃப்ளரை மடித்துப் பையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் மூத்தவளுக்குக் கிடையாது. சொர்ணாம்பாள் எழுந்து போய், அந்தப் பைக்குள் அனுமதி கேட்காமல் கைவிட்டாள். தன் அழகான நாலு வரியையும் உருவிப் போட்டாள்.

"மொத வரில நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சு. ரெண்டாவதுல தொடக்கத்துல ரெண்டு கூடிப் போச்சு" என்று முணுமுணுத்தாள். அந்தத் தப்புகள் இப்போது உலகத்தில் அவள் ஏச்சில் மட்டும்தான் மிச்சம்.

"ஆமா" என்றாள் ரைஹானத், முகத்தைத் திருப்பாமலே. "அங்கனதான் ஊசி கீழ விழுந்துச்சு."

தப்பு எங்கே என்று தெரிந்தும், மறுபடி பின்னும்போது சொர்ணாம்பாளின் கை கேட்கவில்லை. விட வேண்டிய கண்ணியை விட்டாள். மற்றவை வரிசை பிசகாமல் வந்து நின்றன. பிரித்தாள். மறுபடியும் நேராக வந்தது. மறுபடியும் பிரித்தாள்.

"நான் போடட்டா? எனக்கு அது தானா வரும்" என்றாள் ரெனிஷா.

"நீ போட்டா அவரு போட்டதவிடக் கேவலமா இருக்கும். சும்மா கெட."

"அவிய கண்டுபிடிச்சிருவாவ, யக்கா" என்றாள் ரைஹானத்.

"கண்டுபிடிச்சா எம் பேரச் சொல்லு. வந்து ஏசட்டும்."

சொர்ணாம்பாள் ஊசியை இடது கைக்கு மாற்றினாள். அது விரல்களுக்குள் நிற்காமல் ஆடியது. துணியின் மறு ஓரத்தை, பிடித்துக்கொள்ளும்படி, ரைஹானத்தின் பக்கம் நீட்டினாள்.