எண்ணூறு ஏக்கர் டயர்

பெர்னார்ட் ஒரு குடை வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "ம், ஊத்துங்க" என்பார். ஒரு சொட்டு ஒழுகினாலும் வேறு குடைதான். சுங்கை சிப்புட் கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தாலே, "செம்பை எடுத்து வைப்பா, கிராணி வாரார்" என்று கேலி பேசுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. கான்வென்டில் படித்த பெண்ணாயிற்றே என்று, தம்முடைய மாதச் செலவுக் கணக்கை நீட்டிச் சரிபார்க்கச் சொன்னாராம். ஹில்டா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெய்ச் செலவை விட்டுட்டீங்களே" என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கே கல்யாணத் தேதி குறித்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு கார் வந்து ஆட்டிப் படைத்தது.

மலாயாவில் ரப்பருக்கு நல்ல விலை இருந்த 1926. சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் பெர்னார்ட் பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் கணக்கர். அந்தத் தோட்டத்துச் சின்னத் துரை ஒரு கார் வைத்திருந்தார். சாதாரணக் காரா அது? இரண்டே பேர் உட்காரலாம். மிளகாய்ப்பழச் சிவப்பு. முன்பக்கம் நீண்ட மூக்கு. புகைக்குழாய் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி பளபளவென்று ஓடும். துரை அதைக் கிளப்பினால் அந்தச் சத்தம் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியைக் கிடுகிடுக்க வைக்கும். பெர்னார்டின் பேனா அப்படியே நின்றுவிடும். சத்தம் தோட்டத்து எல்லை தாண்டி ஓய்ந்த பிறகுதான் சம்பளப் பட்டியலில் அடுத்த பெயர் எழுதுவார். நாற்பது வயது மனிதருக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளலாமா என்று அவருக்கே வெட்கமாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை துரை அவரைக் கூப்பிட்டார். சீமைக்குத் திரும்பப் போகிறாராம். காரை விற்கிறாராம். ஈப்போவில் ஈயச்சுரங்கம் வைத்திருக்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவரின் மகன் நானூற்றைம்பது வெள்ளிக்குத் தயாராக நிற்கிறான். ஆனால் பெர்னார்டுக்கு என்றால் நானூறு. "ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் வண்டி உன்னிடம் இருக்கட்டும். ஓட்டிப் பார். ஆறு மணிக்குப் பதில் சொல்" என்று சாவியைக் கையில் போட்டார். பெர்னார்ட் வீட்டுக்கு நடந்து போனாரா பறந்து போனாரா என்பது அவருக்கே நினைவில்லை.

வீட்டில் நானூற்றிருபது வெள்ளி இருந்தது. ஆறு வருடச் சேமிப்பு; பெரிய கிராணியாகிச் சம்பளம் கூடியது போன மாதம்தான். அது கார் வாங்கச் சேர்த்த பணம் அல்ல, அதுதான் சங்கடம். ஈப்போ புந்தோங்கில் கருப்பம்மாள் என்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிற விதவை ஒருத்தி இருந்தாள். அவளுடைய மனைத் துண்டு ஒன்றுக்குத்தான் அந்தப் பணம். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போன அன்றைக்கே தட்டுமுட்டுச் சாமானோடு வெளியே நிற்க வேண்டும். சொந்தமாக ஒரு துண்டு மண் வேண்டும் என்பது ஹில்டாவின் ஆசை. பெர்னார்ட் நானூறுக்குக் கேட்டார்; கருப்பம்மாளோ நானூற்றைம்பதுக்கு ஒரு காசு குறைக்க மாட்டேன் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். தொப்பியும் பாலிஷ் போட்ட சப்பாத்துமாக பெர்னார்ட் போய் நிற்கும்போதெல்லாம், "கிராணி ஐயாவுக்கு அம்பது வெள்ளி ஒரு காசா?" என்று சிரிப்பாள்.

ஹில்டா சாவியையும் கணவரின் முகத்தையும் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"கணக்கு போடுங்க," என்றாள். "வண்டி நம்பகமா ஓடுமா, மாசம் எவ்வளவு திங்கும், எல்லாத்தையும் எழுதுங்க. செலவு போக மாசம் இருபத்தஞ்சு வெள்ளி மிஞ்சினா வாங்கிக்கிடலாம். நிலத்துக்கு மறுபடி முதல்லேருந்து சேப்போம். மிஞ்சலைன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துடணும்."

"சரி!" என்றார் பெர்னார்ட். கணக்கில் தோற்கிற ஆளா அவர்!

சனிக்கிழமை முழுக்கப் பரீட்சை. முந்தின நாள் இருட்டியதும் ஆபீசிலிருந்து பெரிய ஒற்றுத்தாள் ஒன்றை எடுத்துவந்து இஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்திருந்தார். காலையில் பார்த்தால் அதில் இரண்டே இரண்டு எண்ணெய்ப் பொட்டு. "ரெண்டுதான்!" என்று குழந்தை பிறந்த செய்திபோல வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சொன்னார். பிறகு தோட்டத்து லாரி டிரைவர் ராஜுவை அழைத்து வந்தார். லாரியில் பெர்னார்டுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். ராஜு மூடியைத் திறந்து பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், ஒரு சுற்று ஓட்டினான்.

"இஞ்சின் தங்கம்ங்க ஐயா. ஆனா பெட்ரோல் குடிக்கும். நம்ம செங்கோடன் கள்ளுக்கடையில குடிக்கிற மாதிரி குடிக்கும் லா."

"குடிக்கட்டும். நின்னு போகுமா?"

"நிக்காது. ப்ரேக் போட்டாலும் லேசுல நிக்காது," என்று ராஜு சிரித்தான். "பின் சக்கரத்துக்கு மட்டும்தான் ப்ரேக்கு. மலைப் பாதையில பாத்துப் போகணும்."

அந்த நேரத்தில்தான் முன் சக்கரத்தில் ஆணி ஏறி, காற்று உஸ்ஸென்று இறங்கியது. உபரிச் சக்கரம் வண்டியில் இல்லை. ராஜு தலையைச் சொறிந்தான். அவன் லாரிக்குக் கெட்டி ரப்பர் டயர்; காற்று அடைக்கிற வேலையே அவனுக்குத் தெரியாது. பெர்னார்டோ கவலைப்படவே இல்லை. சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பால்மரம்.

"ரப்பர் இல்லாத ஊர்லயாப்பா இருக்கோம்?" என்றார். "உடையப்பனைக் கூப்பிடு!"

உடையப்பன் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்டோரின் கங்காணி. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. இருப்பதிலேயே நல்ல ஷீட்டாகப் பார்த்து, தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்ததிலிருந்து உள்ளங்கை அளவு வெட்டினார். அன்று காலை இறக்கிய பாலையே பசையாகத் தடவி, ட்யூபின் ஓட்டையில் ஒட்டி, கல் வைத்து அழுத்தினார். "சீமைக்காரன் நம்மகிட்ட வாங்கித்தானே டயர் செய்யிறான்? நம்மளுக்கு அவன் எதுக்கு?" என்றார். நியாயமான பேச்சாகத்தான் எல்லோருக்கும் பட்டது. காற்றடித்து, சாயங்காலக் குளிர்ச்சியில் தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். ஒட்டு அசையவில்லை. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

இரவுச் சாப்பாடு ஆனதும் கணக்கை ஹில்டாவிடம் நீட்டினார். பெட்ரோல், எண்ணெய், லைசென்ஸ், ரிப்பேர். எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருந்தார். அப்படியும் மாதம் முப்பது வெள்ளி மிஞ்சியது. ஹில்டாவின் விரல் ஒரு வரியில் நின்றது.

"டயருக்கு ஏன் சைபர்?"

பெர்னார்ட் ஜன்னலுக்கு வெளியே கையை வீசிக் காட்டினார். "எண்ணூறு ஏக்கர் டயர் நம்ம வாசல்ல நிக்குது ஹில்டா!"

அவளுக்கு ஏனோ மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒட்டுப் போட்ட சக்கரம் ஓடியதை அவளும் பார்த்திருந்தாள். "நாளைக்கு வண்டி ஈப்போக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்ட்டு வந்துடட்டும். அப்புறம் பேசுவோம்," என்றாள்.

ஞாயிறு காலை, அடடா, என்ன ஓட்டம் அது! பெர்னார்ட் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, தொப்பி. ஹில்டா பட்டுச்சேலை. பெரிய சாலைக்கு வந்து காலை அழுத்தியதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. பெர்னார்டின் தொப்பி பின்னால் பறந்தது. நிறுத்திப் போய் எடுக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. செம்மோர் தாண்டிய நேர்ச்சாலையில் முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. சுண்ணாம்பு மலைகள் எல்லாம் எதிரே ஓடிவந்தன. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த ஹில்டா திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ சேசுவே! இன்னும் போங்க! இன்னும்!" என்று கத்தினாள். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து பெர்னார்ட் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்காகவே நானூறு வெள்ளியையும் கொட்டிவிடலாம் என்று அந்த நிமிடம் அவருக்குத் தோன்றியது.

பூசை முடிந்ததும் ஹில்டா மெதுவாகச் சொன்னாள்: "புந்தோங் பக்கம் ஒருதரம் போய்ட்டுப் போலாம். இனிமே அது நம்ம நிலம் இல்லைன்னு ஒரு தடவை பாத்துட்டு விட்டுடறேன்."

பெர்னார்டுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவள் மனத்துக்குள் விட்டுக்கொடுத்தே விட்டாள் போலிருக்கிறதே! சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்குச் சந்தோஷம் வரவில்லை. நடுப்பகல் வெயிலில் வண்டியைக் கிளப்பினார். தார்ச்சாலை கொதித்துக் கிடந்தது. புந்தோங்குக்கு இரண்டு தெரு இருக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. தடதடவென்று குதித்து நின்றது.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ட்யூபை வெளியே எடுப்பதற்குள் பெர்னார்டின் வெள்ளைக் கோட்டு அடுப்படித் துணி ஆகிவிட்டது. உடையப்பனின் கண்ணாடி ஷீட் இருந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ இழுபட்டது. கையில் ஒட்டியது, கால்சட்டையில் ஒட்டியது, முகத்தில்கூட ஒட்டியது. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டவில்லை.

தெருமுனையில் ஒரு சீனர் டயர்க் கடை வைத்திருந்தார். அவர் ட்யூபைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "கெத்தா மெந்தா லா!" என்றார். பச்சை ரப்பர்! மரத்துப் பாலைப் புகை போட்டுவிட்டால் டயர் ஆகிவிடாது, கந்தகம் போட்டு வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் இளகிவிடும் என்று மலாயில் விளக்கினார். பிறகு விலை சொன்னார். ட்யூப் ஆறு வெள்ளி. டயர் முப்பத்திரண்டு. இந்த மாதிரி வேகக் கார் டயரைச் சீக்கிரம் தேய்த்துவிடும். எட்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கையும் மாற்ற வேண்டிவரும்.

பெர்னார்ட் ஒரு புது டயரை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தார். எங்கள் மரத்துப் பாலாகக்கூட இருக்கும், கப்பலேறிப் போய் முப்பத்திரண்டு வெள்ளியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தார். கணக்கு நோட்டை எடுத்துச் சைபரை அழித்துவிட்டு, மாதம் பதினாறு வெள்ளி என்று எழுதினார். மிச்சம் பதினான்கு. மறுபடி கூட்டினார். பதினான்கேதான். அந்தச் சிவப்பு வண்டியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மண்ணெண்ணெய்," என்றார், நோட்டை ஹில்டாவிடம் நீட்டி.

ஹில்டா பார்த்தாள். கரி அப்பிய கணவரை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தாள். அவள் கண்ணில் ஒரு மின்னல் ஓடியது.

"கடைக்காரர் வண்டிக்கு ட்யூப் போடட்டும். நீங்க இப்படியே எந்திரிச்சு வாங்க," என்றாள்.

"எங்கே?"

"கருப்பம்மாக்கா வீட்டுக்கு."

"இந்தக் கோலத்திலயா? முகத்தையாவது கழுவிக்கிறேனே!"

"கழுவினீங்க, கொன்னுடுவேன்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாள் வாசலில் நின்ற இருவரையும் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டாள். தொப்பி இல்லை. கோட்டுப் பூராவும் கறுப்பு. வேர்வை வழியும் முகம்.

"அடியாத்தே! கிராணி ஐயாவா? என்ன சாமி இப்படி ஆயிட்டீங்க?"

"வந்த வண்டி வழியில நின்னு போச்சுக்கா. வெயில்ல நடந்தே வாரோம்," என்றாள் ஹில்டா.

"அது என்ன வண்டின்னா..." என்று பெர்னார்ட் ஆரம்பித்தார். ஹில்டா அவர் காலை நன்றாக மிதித்தாள்.

கருப்பம்மாள் ஆளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். பெர்னார்ட் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நானும் தோட்டத்துல பால் வெட்டினவதான்," என்றாள். "உங்களைத் தொப்பியோட பாக்கும்போதெல்லாம் துரைமாரு பணம்னு நெனச்சேன். மண்ணுக்காக இந்த வெயில்ல இப்படி வந்திருக்கீங்களே. நானூறே குடுங்க. உங்க கையிலயே போகட்டும்."

முன்பணமாக ஹில்டா பத்து வெள்ளியைக் கொடுத்தபோது பெர்னார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மனை கிடைத்த சந்தோஷமா, கார் போன துக்கமா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. அந்தக் கறுப்புக் கையாலேயே கும்பிட்டார்.

திரும்பும்போது ஹில்டா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. "ஆறு மணி வரைக்கும் வண்டி நம்மளுதுதானே?" என்றாள். செம்மோர்ச் சாலையில் முள் ஐம்பதைத் தொட்டது. வண்டிச் சத்தத்தையும் மீறி அவள் சத்தம்தான் கேட்டது. ஆறு மணிக்குத் துரையிடம் சாவியைக் கொடுத்த பெர்னார்ட், இந்தத் தடவை வீட்டுக்கு நடந்துதான் வந்தார்.

இரண்டு வருடம் கழித்துப் புந்தோங்கில் வீடு கட்டக் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். பெர்னார்ட் பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய ஒற்றுத்தாளை எடுத்துவந்தார். இரண்டு எண்ணெய்ப் பொட்டு அதில் இன்னும் இருந்தது. அதன் மறுபக்கத்தில் கூடம், அறை, அடுப்படி என்று கோடு போட்டார். ஹில்டா பென்சிலை வாங்கி, வாசலை ஒட்டி இன்னொரு கட்டம் போட்டாள்.

"இது எதுக்கு? எட்டடிக்குப் பதினாலடி?"

"பின்னே வண்டி எங்க நிக்கும்? மழையிலயா?"

பெர்னார்ட் அந்தக் கட்டத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"சிவப்பாத்தான் வாங்கணும்," என்றாள் ஹில்டா. "டயர்க் கணக்கை மட்டும் நான் எழுதுறேன்."