டிரெஸ்லரை விரும்பிய இரண்டு பேர்

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் நார்பர்ட் கிளிமெக்கைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒரே மூஞ்சியைத் திரும்பத் திரும்ப வாங்குகிற ஆள்.

ஈரி ஏரிக்கரையில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தை ஒட்டி ஒரு கூடம் உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே மீன் வறுவல் விருந்து நடக்கும். அந்த எண்ணெய் வாசனை போவதற்குள் மறுநாள் காலையில் நாங்கள் மேசை போட்டுவிடுவோம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பேஸ்பால் அட்டைகள் மட்டும்தான் அங்கே வரும். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள்ளும் மிட்டாய்ப் பொட்டலத்துக்குள்ளும் இனாமாக வைத்துக் கொடுத்த சின்னச் சின்ன அட்டைகள். முன்பக்கம் ஆட்டக்காரரின் வண்ணப்படம், பின்பக்கம் கம்பெனி விளம்பரம்.

சேர்ப்பதில் அவரவருக்கு ஒரு பைத்தியம். டட்லி என்கிற வியாபாரிக்கு அட்டையின் நாலு மூலையும் கத்தி மாதிரி இருக்கவேண்டும். பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் தொடமாட்டார். மீசை வைத்த ஆட்டக்காரர்களை மட்டும் சேர்க்கிறவர் ஒருவர் இருந்தார். விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறார்களே, நான் அவர்களைச் சேர்ப்பேன். இதையெல்லாம் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. நார்பர்ட்டுடையதை மட்டும் நினைத்தார்கள்.

அவருக்கு ஹோமர் டிரெஸ்லர்தான் வேண்டும். முதல் உலகப் போருக்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம் பந்து வீசிவிட்டு, ஜெயித்ததைவிட அதிகம் தோற்று, காணாமல் போன ஆட்டக்காரர். அவருக்கு வந்தது ஒரே ஒரு படம்தான். அந்த ஒரே படத்தை வெவ்வேறு சிகரெட் கம்பெனிகளுக்காக அச்சடித்திருந்தார்கள். நார்பர்ட் அதில் எது கிடைத்தாலும் வாங்குவார். கிழிந்தது, கசங்கியது, ஏதோ ஒரு பையன் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டது, எல்லாம்.

"என்னப்பா நார்பர்ட், உங்க வீட்ல டிரெஸ்லர் குடும்பம் பெருகிடுச்சா?" என்று டட்லி கேட்பார். நார்பர்ட் சிரித்துக்கொண்டே, பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டையைக் கடிப்பார்.

எனக்கு மட்டும் ஒருமுறை காரணம் சொன்னார். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் படத்தில் நேராகப் பார்ப்பார்கள், அல்லது மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பார்கள். டிரெஸ்லர் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறார். உதட்டில் சிரிப்பு இன்னும் முழுசாக வரவில்லை. "யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க, கிளெம். நல்லாப் பாரு. அவருக்குத் தெரிஞ்ச குரல்" என்றார். நான் பார்த்தேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நார்பர்ட்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பாட்டில் பீர், வானொலியில் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை போலிஷ் மாதாகோவிலில் பூசை. அவர் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலிதான் வெளியே இழுத்திருக்கும். மற்றவை மேசைக்கு அடியில் ஒட்டித் தள்ளப்பட்டிருக்கும். நான் போனால் ஒன்றை இழுத்துப்போடுவார். அதன் காலுக்கடியில் தரை மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கும்.

அப்போதெல்லாம் ஏலப் பட்டியல் தபாலில் வரும். வேண்டியதைத் தொலைபேசியில் கேட்க வேண்டும். பல வருஷம் டிரெஸ்லருக்கு நார்பர்ட்டைத் தவிர ஆளே இல்லை. திடீரென்று ஒரு வசந்த காலத்தில் அவர் கேட்டதெல்லாம் கைநழுவிப் போயிற்று. வேறு யாரோ கூட்டிக் கேட்கிறார்கள். யார் என்று டட்லியிடம் விசாரித்தார்.

"மிச்சிகன்ல ஒரு அம்மா. சாகினாவ். ஸ்கூல் பஸ் ஓட்டினவங்களாம்" என்றார் டட்லி. "உனக்கும் அவங்களுக்கும் கல்யாணம் பண்ணிவைச்சா டிரெஸ்லர் மொத்தமும் ஒரே வீட்ல இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நார்பர்ட் சிரிக்கவில்லை. எதிராளி வந்துவிட்டாள் என்று கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அன்று மேசையை மடிக்கும்போது என்னிடம் மெதுவாக, "இன்னொரு ஆளுக்கும் பிடிச்சிருக்கு பாத்தியா" என்றார்.

அந்த அம்மாள் பெயர் வெர்னா ஓஸ்ட்ரைக். அந்த இலையுதிர் காலத்தில் கிளீவ்லாண்டில் நடந்த பெரிய கண்காட்சிக்கு வந்திருந்தார். நான்தான் நார்பர்ட்டை வண்டியில் கூட்டிப்போனேன். உயரமான பெண்மணி. கணவரை இழந்தவர். குழந்தைகள் நிறைந்த பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் எட்டிப் பழகிய குரல். நார்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னார்.

"அடடே, நீங்கதானா அது. போன குளிர்காலத்துல டெட்ராய்ட் ஏலத்துல என்னை முந்திக்கிட்டுப் போனவரு நீங்கதானா" என்றார் வெர்னா.

"அதுக்கப்புறம் நீங்க என்னை விடவே இல்லையே" என்றார் நார்பர்ட்.

இருவரும் காபி வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். எந்த அட்டை யாரிடம் போயிற்று, யார் எதை எந்த ஊரில் விட்டுவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்தவர்கள், கூடத்தைப் பூட்ட ஆள் வந்தபோதுதான் எழுந்தார்கள். திரும்பி வரும் வழியில் நார்பர்ட் ஜன்னலோரம் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் வெர்னா தொலைபேசியில் கூப்பிடுவார். நார்பர்ட் பூசை முடிந்து யாரிடமும் நின்று பேசாமல் வீட்டுக்கு ஓடுவார். அட்டைப் பேச்சு கொஞ்ச நேரம்தான். அப்புறம் சாகினாவில் எவ்வளவு பனி, ஈரியில் எவ்வளவு பனி, பக்கத்து வீட்டு நாய், முழங்கால் வலி. ஒருமுறை நான் அங்கே இருந்தபோது மணி அடித்தது. அவர் எழுந்து தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தார்.

வெர்னாவுக்கு ஒரே ஒரு டிரெஸ்லர் மட்டும் கிடைக்காமல் இருந்தது. சீக்கிரமே மூடிப்போன ஒரு சின்ன சிகரெட் கம்பெனி, பின்பக்கம் நீல மையில் அச்சடித்து வெளியிட்டது. மற்றதெல்லாம் அவரிடம் இருந்தது. அந்த நீலத்தை யாராவது பார்த்ததாகச் சொன்னால்கூட எங்கே, எப்போது என்று ஊர் ஊராகத் தொலைபேசி போடுவார். ஞாயிற்றுக்கிழமை பேச்சு அதில்தான் ஆரம்பிக்கும். "ஏதாவது தகவல் உண்டா, நார்பர்ட்?" என்று கேட்பார்.

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார் நார்பர்ட்.

நீல மை அட்டை நார்பர்ட்டிடமே இருந்தது. எனக்கு அது தெரியும். ஆணி ஓட்டையோடு அதை அவர் வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். விற்க மனசு வரவில்லையா என்றேன்.

அவர் வெகுநேரம் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை கரைந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

"கொடுத்துட்டா அவங்களுக்கு வேலை முடிஞ்சுபோயிடும், கிளெம்" என்றார். "அப்புறம் எதுக்குக் கூப்பிடுவாங்க?"

நட்பாகிவிட்டதே, அதற்காகக் கூப்பிடுவார்கள் என்றேன். நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாக எதற்குப் பேசுகிறோம் என்றும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படிப் போயிற்று. அடுத்த கோடையில் வெர்னா எங்கள் இருவரையும் சாகினாவுக்கு வரச்சொன்னார். புறப்படும் அன்று நார்பர்ட் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். வண்டியில் ஏறியதும் மேல்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். கொடுக்கப்போறேன்" என்றார். டொலீடோ நகரம் தாண்டி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அட்டையை வெளியே எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார்.

வெர்னா கோழியும் நூடுல்ஸும் செய்திருந்தார். செர்ரிப் பழம் உள்ளே வைத்துச் சுட்ட பலகாரம், அதன் மேல் ஐஸ்கிரீம். சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்து, கையைத் துடைத்து, ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பைகள் தைத்த தாள்கள். ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டை.

எல்லா அட்டையும் கவிழ்ந்திருந்தது.

கறுப்பு, சிவப்பு, பச்சை, பழுப்பு என்று விளம்பர எழுத்துகள்தான் வரிசையாகத் தெரிந்தன. முகம் ஒன்றுகூட இல்லை. நார்பர்ட் பக்கத்தைத் திருப்பினார். தாளின் மறுபுறம் கறுப்புக் காகிதம் வைத்து மறைத்திருந்தது.

"படத்தை ஏன் உள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"படம் எல்லாத்துலயும் ஒண்ணுதானே" என்றார் வெர்னா. "பின்னாடிதானே வித்தியாசம். ஏதாவது ஒரு ஆளை எடுத்துக்கிட்டு எல்லாப் பின்பக்கமும் சேக்கணும்னு நெனச்சேன். இந்த ஆளுக்குப் போட்டி கம்மின்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு யாரும் சொல்லலை." சிரித்தார்.

"அவர் முகம் உங்களுக்கு..." என்று ஆரம்பித்து நார்பர்ட் நிறுத்திக்கொண்டார்.

"உண்மையச் சொல்லணும்னா, மீசை உண்டா இல்லையான்னுகூட நான் பாத்துத்தான் சொல்லணும்" என்றார் வெர்னா. அதில் கேலியோ கெட்ட எண்ணமோ துளியும் இல்லை. கடைசித் தாளைத் திருப்பி, காலியாக இருந்த ஒரு பையை விரலால் தடவிக் காட்டினார். நீலத்துக்காக விட்ட இடம். அந்த ஒரு பையைத்தான் அவர் எல்லாவற்றையும்விட அதிகம் பார்த்திருக்கவேண்டும்.

நார்பர்ட்டின் கை மேல்சட்டைப் பையருகே போயிற்று. நான் பார்த்தேன். பிறகு கீழே இறங்கி முழங்காலில் தங்கிவிட்டது. அழகான ஆல்பம் என்றார். செர்ரிப் பலகாரம் நன்றாக இருந்தது என்றார்.

திரும்பும் வழியில் நார்பர்ட் மேல்சட்டைப் பையை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் மாநில எல்லைக்குள் வந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலையே."

அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஏரிக்கரைக்குப் போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வெர்னா என்னைக் கூப்பிட்டு, அவருக்கு உடம்பு சரியில்லையா, நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. இல்லை, நீங்கள் தப்பு ஒன்றும் பேசவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? நார்பர்ட் சேர்ப்பது உங்கள் ஆல்பத்தில் மறைந்திருக்கும் முன்பக்கத்தை என்று சொன்னால் வெர்னாவுக்கு என்ன புரியும்?

வெர்னா கூப்பிட்டதை நார்பர்ட்டிடம் சொன்னேன். கவலைப்பட்டார்களா என்று இரண்டு தடவை கேட்டார். அந்த வாரமே நீல அட்டையை இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டித் தபாலில் அனுப்பிவிட்டார். கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தேன், வரச்சொல்லியிருந்தார். மணி அடித்தது. வெர்னாவின் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு பெரிதாகப் பேசினார். அழுதார் என்றும் நினைக்கிறேன். எங்கே கிடைத்தது, எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றார் நார்பர்ட். கிளீவ்லாண்டில் உங்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்னிடம் இருந்தது என்றும் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் குரல் தணிந்தது, ஆனாலும் எனக்குக் கேட்டது. "அப்புறம் ஏன் சொல்லலை, நார்பர்ட்?"

"நீங்க கூப்பிடணுமே" என்றார்.

பிறகு வெர்னா, "அதுக்கு நீங்க அட்டையை ஒளிச்சு வச்சிருக்க வேண்டாம்" என்றார். அதைச் சொன்னபோது அவர் மனதார நினைத்துத்தான் சொன்னார். நான் இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

அவர் கூப்பிடவும் செய்தார். அந்தக் குளிர்காலம் வரை ஒரு வாரமும் தவறவில்லை. ஆனால் பேசுவதற்குத் தொடக்கம் கிடைக்காமல் இருவரும் தடுமாறினார்கள். பனியில் ஆரம்பித்தால் பனியிலேயே முடிந்தது. பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பிறகு மாதம். பனி உருகும் நேரத்தில் வெர்னா வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க அரிசோனாவுக்குப் போனார். ஆல்பம் முழுமையாகிவிட்டதால் அதை ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டதாகவும், இப்போது பழைய உப்புக் குப்பிகளைச் சேர்ப்பதாகவும் சொன்னாராம். நார்பர்ட் இதை என்னிடம் ஒரு செய்தி மாதிரிச் சொன்னார்.

நார்பர்ட் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. டட்லிகூட கேலியை விட்டுவிட்டார். கிழிந்த டிரெஸ்லர் எதுவும் கையில் வந்தால் ஏலத்துக்கு அனுப்பாமல் அவருக்கென்று தனியே எடுத்துவைப்பார். போன மாதம் ஒன்று கொடுத்தார். ஓரம் முழுதும் எலி கடித்தது. முகம் மட்டும் தப்பியிருந்தது. நார்பர்ட் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

அரிசோனாவிலிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸுக்கு வாழ்த்து வந்துச்சு. அங்க ரொம்ப வெயிலாம்" என்றார்.

எங்கள் ஊரில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் பாதி மேசைகள் காலி. மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்களேன் என்றேன். இல்லை, வீட்டில் சூப் இருக்கிறது என்றார். வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைக் கைமுட்டியால் துடைத்துவிட்டு ஏறினார். நான் கதவருகே நின்று கையசைத்தேன். அவர் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.