இரண்டாவது குரல்

எங்கள் ஊரில் வெளியே நின்று ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் பதில் கொடுக்க மாட்டார்கள். செத்தவர்கள் ஒருமுறைதான் கூப்பிடுவார்களாம். பதில் கொடுத்தவன் அவர்களோடு போக வேண்டியதுதான். உயிரோடிருப்பவன் மறுபடியும் கூப்பிடுவான். தாயில்லாத தம்பி லாம்ப்ரோஸுக்கு நடை பழக்கிய நாளிலேயே ஹைதோ இதையும் பழக்கிவிட்டாள்.

கிரேக்க உள்நாட்டுப் போரின் ஒரு பனிக்காலத்தில் கெரில்லாக்கள் அவனைத் தங்கள் படையில் சேர்க்கத் துப்பாக்கி முனையில் மலைக்குக் கூட்டிப்போனார்கள். 1948 கோடையில் கிரம்மோஸ் மலையைப் பிடிக்க அரசுப் படை வந்தபோது ஹைதோவையும் எங்களையும் குண்டுப்பெட்டி சுமக்க வைத்தது.

"கோவேறு கழுதைக்காவது பார்லி போடுறாங்க. நமக்கு வெறும் திட்டுதான்," என்பாள், மூச்சிரைத்தபடி.

ஆகஸ்டில் ஒரு மேய்ப்பன் அவளிடம் சேதி கொண்டுவந்தான். லாம்ப்ரோஸ் சரணடைய ஓடை வழியே காலையில் ஏறி வருவான். அக்காவின் குரல் கேட்டால்தான் கிட்டே வருவான். ஹைதோ கேப்டனிடம் போய்ச் சொன்னாள். அவர் சம்மதித்து, கூவுவதற்கு ஒரு தகரக் குழலும் கொடுத்தார்.

"ஒரே தடவை கூப்பிடும்மா. ரெண்டாவது குரல் கேட்டா நாம எங்க இருக்கோம்னு கண்டுபிடிச்சு அவனுங்க மோர்ட்டார் அடிப்பானுங்க. பதில் வரலேன்னா, வர்றது உன் தம்பி இல்ல."

"ரெண்டு தடவை கூப்பிடணும் ஐயா. எங்க பக்கத்துல மொதக் குரலுக்கு யாரும் வாய் திறக்க மாட்டாங்க. செத்தவங்கதான் ஒரு தடவையோட விடுவாங்க."

காவலுக்கு நின்ற ஏதென்ஸ்காரன் சிரித்தான். "உன் தம்பி பேய்க்குப் பயந்தா கெரில்லா ஆனான், அக்கா?"

கேப்டன் சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் அவருடைய ஆட்கள் ஒன்பது பேர் செத்திருந்தார்கள். "ஒரு தடவைதான்," என்றார்.

காலையில் மூடுபனி ஓடையை மூடிக் கிடந்தது. கீழே கல் உருளும் சத்தம் கேட்டது. ஹைதோ, வீட்டில் கூப்பிடுவதுபோல் "லாம்ப்ரோ" என்று கூப்பிட்டாள். சத்தம் நின்றது. அவன் காத்து நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுபடி குழலை வாயருகே கொண்டுபோனபோது கேப்டன் அதைப் பிடித்துக்கொண்டார். பனிக்குள் ஏதோ அசைந்தது. ஏதென்ஸ்காரன் சுட்டான்.

அவள் குழல் இல்லாமலே கத்தினாள்: "லாம்ப்ரோ!"

"அக்கா, நான்தான்," என்றது கீழிருந்து ஒரு குரல். நாங்கள் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

கேப்டன் கொடியவர் இல்லை. தன் ஆட்களைக் காப்பாற்ற நினைத்தார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும்தான் இருந்தார். கேட்டதை நம்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஹைதோ அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் இருந்தாள். முதல் குரலுக்கே கதவைத் திறக்கும் துணிச்சல்காரி என்று ஊரில் சொல்வார்கள். அது துணிச்சல்தானா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் அவள் தம்பியின் நினைவு நாளுக்கு, வழக்கப்படி அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஹைதோ அக்கா."

"வா," என்று உடனே குரல் வந்தது. தாழ்ப்பாளும் விலகியது.

"ஒரு தடவைதானே கூப்பிட்டேன். நான்தான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றாள். என் தோளுக்கு மேலாகப் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.